குங்குமத்தின் மேல் ஓடிய மிஷின்

கார்களுக்கு மெழுகு பாலிஷ் போடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். சுதந்திரம் வந்த புதிதில் அங்கே சேர்ந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. வீட்டில் வசதியில்லை, எனக்கும் படிப்பில் அப்படியொன்றும் ஆசை இருந்ததில்லை. அல்சூரில் குடியிருந்தோம். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, விபூதி பூசி, முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். அந்த விபூதியைப் பார்த்துத்தான் எங்கள் ஒர்க்‌ஷாப் பெயிண்டர் பாய் எனக்கு 'சாமி' என்று பேர் வைத்தார். கடைசிவரை அதே பேர்தான்.

கையால் மெழுகு போடுவதில் அவசரம் உதவாது. வண்டியைக் கழுவி நிழலில் நிறுத்திக் காயவிட வேண்டும். வெயிலில் சுட்ட தகரத்தில் மெழுகை வைத்தால் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். பெங்களூர்க் குளிரில் காலையில் டப்பாவுக்குள் மெழுகு கல் மாதிரி இறுகியிருக்கும். டீ போடுகிற அடுப்புப் பக்கம் வைத்து இளக்குவேன். பழைய ஃபிளானல் துணியை மடித்து, சுண்டைக்காய் அளவு எடுத்து, மட்கார்டில் ஆரம்பித்து மெல்லத் தடவிக்கொண்டே போவேன். தடவினது கொஞ்ச நேரத்தில் பனி படர்ந்த கண்ணாடிபோல வெளுத்து வரும். அப்போது வேறு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சீக்கிரம் துடைத்தால் மெழுகு துணியோடு வந்துவிடும். விட்டுவிட்டால் வெள்ளையாகக் காய்ந்து பிராணனை வாங்கும்.

கை போய்க்கொண்டிருக்கும்போது முருகன் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். மனசுக்குள்தான் சொல்வேன், ஆனால் உதடு அசைந்துவிடும்.

"இன்னா சாமி, வண்டிக்கு மெழுகு போட்றியா, மந்திரம் போட்றியா?" என்பார் பாய்.

"ரெண்டும்தான் பாய். மெழுகு வண்டிக்கு, மந்திரம் உங்களுக்கு."

"எனக்கு ஏன்பா? நான் நல்லாத்தானே கீறேன்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வலது தோளைத் தூக்க முடியாது. தலை வாருவதற்கு இடது கைதான். என் மனைவி நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிடுவாள். "அந்தப் பாழாப்போன வண்டியில முகம் தெரியணும்னு உங்க தோள் போவுதே" என்று புலம்புவாள்.

அப்படியிருக்கும்போதுதான் முதலாளி மிலிட்டரி சாமான் ஏலத்தில் ஒரு பாலிஷ் மிஷின் எடுத்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிறத்தில், இரண்டு பக்கமும் பிடியோடு, முகத்தில் ஆட்டு ரோமத்தில் தைத்த தொப்பி மாட்டிக்கொண்டு ஒரு குட்டி ராட்சசன். சுவிட்சைப் போட்டால் ஒர்க்‌ஷாப் பல்பு ஒரு நிமிஷம் மங்கிவிட்டுத்தான் எரியும். பாய் அதற்கு 'சக்கி' என்று பேர் வைத்தார். மாவு அரைக்கிற எந்திரமாம்.

கையால் வேலை செய்து பழகின எனக்கு அது பிடிக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷம். முருகன்தான் என் தோளைப் பார்த்து இரங்கி அனுப்பிவைத்தான் என்று நினைத்தேன். மிஷினுக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் முதல் தடவை ஓட்டினேன். கையால் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கிற வண்டியை அதில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம். பளபளப்பும் குறைவில்லை. இன்னொரு சௌகரியம்: அது போடுகிற சத்தத்தில் நான் நாமத்தை வாய்விட்டே சொல்லலாம், யாருக்கும் கேட்காது. சில நாள் பாட்டாகவே பாடியிருக்கிறேன்.

ஆனால் அதற்கென்று சில பழக்கம் உண்டு. தொப்பியைத் தகரத்தின் மேல் படிய வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டால் மெழுகு சட்டையெல்லாம் தெறிக்கும். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. முக்கியமாக, பானெட் நடுவில் ஓடுகிற மேடு மாதிரியான இடங்களில் பெயிண்ட் மெல்லிசாகத்தான் இருக்கும். அங்கே மிஷின் நின்றால் அரைத்துவிடும்.

இதில் எனக்கிருந்த ஒரே சங்கடம் பொட்டு. ஆயுத பூஜை முடிந்து வருகிற எந்த வண்டியும் பானெட் நடுவில் சந்தனமும் குங்குமமுமாகத்தான் வரும். சாமிக்குப் படைத்து வைத்த பொட்டை, கிரீஸ் துடைக்கிற துணியால் துடைக்க எனக்கு மனசு வராது. கையால் போடும்போது பொட்டை விட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். கடைசியில் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, விரலால் நனைத்து நனைத்து எடுத்து, அந்தத் தண்ணீரை யார் காலும் படாத அரளிச்செடி வேரில் ஊற்றுவேன். மிஷின் வந்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. பொட்டை எடுத்துவிட்டுத்தான் பானெட்டில் மிஷினை வைப்பேன்.

என் மனைவியின் தம்பி மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் டிரைவர். அந்த வீட்டு ஐயா கன்னடக்காரர், சர்க்கார் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய கிரீம் கலர் கார் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வரும். அந்தப் பழக்கத்தில் நான்தான் சொல்லி மச்சானை அங்கே சேர்த்துவிட்டேன். பங்களாவுக்குப் பின்னால் அவுட்ஹவுஸில் அவனும் அவன் பெண்சாதியும் இருந்தார்கள். அவள் முழுகாமல் இருந்தாள். தாய் இல்லாத பெண், பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடு என்று ஒன்றில்லை. அந்த அவுட்ஹவுஸில்தான் எல்லாம் நடக்க வேண்டும், என் மனைவி போய்க் கூட இருப்பதாக ஏற்பாடு.

அந்த வருஷம் ஆவணியில் மச்சான் கேட்டில் உரசி மட்கார்டில் கோடு இழுத்துவிட்டான். ஐயா கோபக்காரர் இல்லை, சொன்னால் சொன்னதுதான் என்கிற மனிதர். "இன்னொரு வாட்டி பெயிண்ட் போச்சுன்னா, சாமானைக் கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டார். வேலை போனால் அவுட்ஹவுஸும் போகும். எங்களுடையது ஒற்றை அறை. அதில் நாங்கள் நான்கு பேர்.

தசராவுக்கு ஐயாவும் அம்மாவும் மைசூருக்கு, மகள் வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வருகிற அன்று சாயங்காலம் சிட்டி ஸ்டேஷனுக்கு வண்டி வர வேண்டும், அதற்குள் மெழுகு போட்டு வைக்க வேண்டும் என்று உத்தரவு. மச்சான் நாட்களைக் கடத்திவிட்டு, அன்று காலையில்தான் வண்டியோடு வந்து நின்றான்.

பானெட்டைப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு. சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம். வெயிலில் காய்ந்து வெடித்து, ஏரி வற்றின தரைபோல இருந்தது.

"இன்னாடா இது, பொட்டா, வறட்டியா?" என்றேன்.

"கேட்டுல இடிச்ச வண்டி மாமா. கண்ணுபடாம இருக்கணும்னு கொஞ்சம் பெருசா வெச்சேன்."

"நீ ஓட்டுறதைப் பார்த்து யார் கண்ணு வைக்கப் போறாங்க?"

"சிரிக்காதே மாமா. ஜல்தி மிஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிடு. நாலு மணிக்கெல்லாம் நான் ஸ்டேஷன்ல நிக்கணும்."

கழுவும்போது பொட்டின் மேல் தண்ணீர் படாமல் சுற்றிக் கழுவினேன். பிறகு மேற்கூரை, டிக்கி, கதவுகள் எல்லாவற்றிலும் மிஷினை ஓட்டினேன். வேலை நன்றாக ஓடியது. பானெட்டுக்கும் மெழுகைத் தடவியாயிற்று, பொட்டைச் சுற்றி. இனிப் பொட்டை எடுக்க வேண்டும். மிஷினை பெஞ்சு மேல் வைத்தேன்.

"இரு, தண்ணி கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் தொட்டிக்குப் போனேன். எண்ணெய்க் கையாக இருந்தது. சீயக்காய்த் தூள் போட்டுக் கையைக் கழுவி, செம்பையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

செம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். மச்சான் இரண்டு கையாலும் மிஷினைப் பிடித்துக்கொண்டு பானெட் நடுவில் நிற்கிறான். தடவி வைத்திருந்த மெழுகோடு குங்குமம் கலந்து பானெட் முழுக்க ரோஸ் நிறத்தில் இழுத்துவிட்டிருந்தது. ஆட்டு ரோமத் தொப்பியே சிவந்துபோயிருந்தது. "நிறுத்துடா!" என்று நான் கத்தினது மிஷின் சத்தத்தில் எங்கே கேட்கும்? தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இரு மாமா, போயிடும். எல்லா இடத்திலயும் வெளுத்துடுச்சு, நடுவுல மட்டும்தான் இன்னும் செவப்பு நிக்குது. இன்னும் கொஞ்சம் அமுத்தினா போயிடும்!" என்று கத்திக்கொண்டே மேட்டின் மேல் வைத்து அழுத்தினான். நான் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன்.

சத்தம் நின்றதும் பாய் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார். மச்சான் தேய்த்துக்கொண்டிருந்த அந்தச் சிவப்பை நகத்தால் மெல்லத் தொட்டார்.

"அரே, இது குங்குமம் இல்லேப்பா. அடி கோட்டிங்கு, செவப்பு பிரைமரு. மேல இருந்த கிரீமு போயே போச்சு. இன்னும் தேச்சின்னா தகரம் வரும், அதையும் தேச்சா இஞ்சின் தெரியும்."

மச்சானுக்கு அது உறைக்கச் சற்று நேரமாயிற்று. குங்குமம் போகவில்லை, போகவில்லை என்று அவன் தேய்க்கத் தேய்க்கத்தான் அந்தச் சிவப்பு வந்திருக்கிறது. நாலணாக் காசு அகலம். வேறு எங்கேயாவது இருந்தாலும் பரவாயில்லை. வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிற எவருக்கும் முதலில் தெரிகிற இடம்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "அவ கிட்ட இன்னா சொல்வேன் மாமா?" என்றான். பெண்சாதியைத்தான் சொன்னான்.

திட்ட நேரமில்லை. மிஷினை ஓரங்கட்டிவிட்டு ஃபிளானலை எடுத்தேன். பரவின ரோஸ் நிறத்தை மிஷினால் எடுக்க முடியாது, இன்னும் இழுக்கும். சுத்தமான துணியில் துளி மெழுகு வைத்து, ஒரு பக்கம் சிவந்ததும் மடித்து, அடுத்த பக்கம் சிவந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துணி எடுத்து, அங்குலம் அங்குலமாக எடுத்தேன். துணி தீர்ந்துபோய் என் மேல்துண்டைக் கிழித்தேன். அன்றைக்கு மட்டும் நாமம் வாயில் வரவில்லை. "அந்தப் பொண்ணைக் காப்பாத்துப்பா" என்பது மட்டும்தான் வந்தது. மத்தியானம் சாயும்போது பானெட் பழைய கிரீமாகத் திரும்பிவிட்டது. நடுவில் அந்த நாலணா மட்டும் அப்படியே.

"பாய், ஏதாவது பண்ண முடியுமா?" என்றேன்.

"இன்னிக்கு ஆவாது சாமி. இந்தக் கலரு கலக்கணும், பூசணும், காயணும். ஈரத்தோட போனா தூசு ஒட்டி இன்னும் அசிங்கமாப் பூடும்."

மச்சான் சட்டென்று எழுந்தான். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "மாமா! உன் பையில குங்குமம் இருக்குமே. அது மேலயே ஒரு பொட்டு வெச்சிடு. ஆயுத பூஜைப் பொட்டுன்னு நெனச்சுப்பாரு. சாமி பொட்டை யாரு தொட்டுப் பாக்கப் போறாங்க? மெதுவா அடுத்த மாசம் பாய் கிட்ட சொல்லி சரிபண்ணிக்கலாம்."

பாய் என்னைப் பார்த்தார். கோயில் குங்குமம் பொட்டலமாக என் பையில் எப்போதும் இருக்கும். ஒரு விரல் தொட்டு வைத்தால் தீர்ந்தது. அந்தப் பெண்ணின் முகமும் என் கண் முன்னால் வந்து போனது.

"வேணாம்டா" என்றேன். "திருட்டுக்குச் சாமியைக் காவல் வைக்கச் சொல்றியா? என் கையால அதை மட்டும் செய்யமாட்டேன்."

"அப்போ என் சாமானைத் தூக்கிட்டு வந்து உன் வீட்ல வெச்சுக்கிறியா?"

"வெச்சுக்கறேன். வா, நானும் ஸ்டேஷனுக்கு வரேன்."

சிட்டி ஸ்டேஷனில் மைசூர் ரயில் வந்து நின்றது. ஐயாவும் அம்மாவும் வெளியே வந்தார்கள். போர்ட்டர் தலையில் பெட்டி, அம்மா கையில் மல்லிகைப் பூக் கூடை. நான் ஓரமாக நின்றேன். ஐயா எப்போதும் வண்டியில் ஏறுமுன் ஒரு சுற்று சுற்றிவருவார். பின்பக்கம் பார்த்தார், கதவைப் பார்த்தார், முகத்தில் திருப்திதான். முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னப்பா இது?"

மச்சான் ஓரடி முன்னால் வந்தான். "நான் வெச்ச பொட்டுங்க ஐயா. அது மேலே மிஷினை ஓட்டிட்டேன். மாமா தண்ணி எடுக்கப் போனாரு, நான்தான் அவசரப்பட்டேன். குங்குமம்னு நெனச்சி தேச்சிட்டே இருந்தேன், அது பிரைமருங்க."

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். அவருடைய உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து உடனே மறைந்தது. "பிரைமரையா குங்குமம்னு தேச்சே?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நான் போன தடவை என்ன சொன்னேன்?" என்றார்.

"சாமானைக் கட்டிக்கச் சொன்னீங்க."

"ஞாபகம் இருக்கு இல்லே?"

அம்மா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கி ஐயாவிடம், "ஏன்ரீ, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டை யாராவது மாத்தச் சொல்லுவாங்களா? அது நம்ம வீட்டுக்கு ஆகுமா?" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஐயா ஸ்டேஷன் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "குழந்தை பொறக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார். என் பக்கம் திரும்பி, "இந்த வண்டி மேல இனிமே மிஷின் வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீட்டிலேயே, கையாலே. அவனுக்குத் தெரியாது, நீயும் வா" என்றார்.

அந்த நாலணாவைத் தீபாவளிக்கு அப்புறம் பாய் வந்து பூசினார். கலர் ஒரு நூலிழை அடர்த்தியாகத்தான் இருந்தது. ஐயா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மச்சானுக்கு அதுதான் பயம். "திட்டிட்டார்னா தேவலாம் மாமா. 'அப்புறம் பார்க்கலாம்'னு சொன்னாரே, அந்த 'அப்புறம்' எப்போ வரும்னு ராத்திரில்லாம் யோசனை" என்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் அல்சூர் கோயிலுக்குப் போய்விட்டு மல்லேஸ்வரத்துக்கு பஸ் ஏறுவேன். அவுட்ஹவுஸுக்கு முன்னால் வேப்பமர நிழலில் மச்சான் வண்டியை நிறுத்தி வைத்திருப்பான். அவன் மெழுகு போட்ட அழகைச் சொல்ல வேண்டும். டப்பாவில் விரலை விட்டு வெண்ணெய் மாதிரி வழித்து அப்புவான்.

"தோசைக்கு வெண்ணெய் வைக்கிறியா? கொஞ்சமா எடுடா."

"இதுக்குத்தான் அந்த மிஷினே தேவலாம்ங்கறேன். தோளு விட்டுப் போச்சு மாமா."

"மிஷின் நல்லதுதான். உன் கைதான் மிஷினுக்கு ஆகல."

வார நாட்களில் ஒர்க்‌ஷாப்பில் நான் மிஷினைத்தான் ஓட்டினேன், சந்தோஷமாகத்தான் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துணி. தோள் வலித்தாலும் அந்தக் காலை நேரம் எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவுட்ஹவுஸ் வாசலில் உட்கார்ந்து அந்தப் பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்து நடக்கவே சிரமப்படுகிற வயிறு. நாங்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள். ஆனால் ஐயா பங்களாவின் பின்வாசலில் வந்து நின்றால் அவள் சிரிப்பு நின்றுவிடும், எழுந்து உள்ளே போய்விடுவாள்.

கார்த்திகைத் தீபம் ஏற்றின வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. முருகன் கைவிடவில்லை, தாயும் பிள்ளையும் நலம். என் மனைவி பத்தியம் வடித்துக் கொடுத்து, புண்ணியாகம் ஆகிறவரை அங்கேயே இருந்தாள். பங்களா அம்மா வெள்ளிக் கொலுசு வாங்கிப் போட்டார். சந்தோஷம் எல்லாம் சந்தோஷம்தான், ஆனால் ஐயா சொன்ன தவணை வந்துவிட்டதே என்று எங்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு கனம். மச்சான் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்துவிட்டான் என்று என் மனைவி வந்து சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முடிக்கிற சமயத்தில் ஐயா வெளியே வந்தார். தோளில் சால்வை, கையில் நியூஸ் பேப்பர். வழக்கம்போல வண்டியை ஒரு சுற்று சுற்றினார். நாங்கள் இரண்டு பேரும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றோம். அவுட்ஹவுஸ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே குழந்தை அழுது, அடங்கினது கேட்டது.

பின்கதவுக்குப் பக்கத்தில் ஐயா குனிந்தார். கைப்பிடிக்கு அடியில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் வெள்ளையாகக் காய்ந்த மெழுகு.

"இங்கே சரியாத் துடைக்கலை. அடுத்த வாரம் முதல்ல இங்கேயிருந்து ஆரம்பி" என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, பேப்பரைப் பிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நான் மச்சான் முதுகில் கை வைத்தேன். அவன் துணியை எடுத்துக்கொண்டு நேரே அந்தக் கைப்பிடிக்குப் போய்த் தேய்க்க ஆரம்பித்தான்.

"அடுத்த வாரம்னுதானேடா சொன்னாரு?" என்றேன்.

"இப்பவும் துடைக்கிறேன், அடுத்த வாரமும் துடைக்கிறேன் மாமா" என்றான், நிமிராமலே.